பதினான்கு சட்டைகள்

நான் பதினான்கு சட்டைகளைப் புதைத்த செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் விடியற்காலையில், பரலித்துறையில் பதினான்கு வீடுகளில் பதினான்கு ஆண்கள் தொப்பலாக நனைந்து எழுந்தார்கள். மழை இல்லை, கூரை ஒழுகவில்லை, கடலும் அதன் இடத்தில்தான் கிடந்தது. சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் அவர்கள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, விரல் நுனியிலிருந்து சொட்டியது, துடைக்கத் துடைக்க வந்தது. ரெக்சனின் அம்மா லில்லிபுஷ்பம் மகனின் முழங்கையிலிருந்து ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணியாக்கும்" என்று சொல்லி, அவன் காலுக்கடியில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள். பிறகு கட்டன்சாயா போடப் போனாள்.

நான் ஏன் புதைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள், எல்லாம் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது. எனக்கு அந்தத் தயவு வேண்டாம்.

எங்கள் ஊர் கால்பந்துக் கழகத்துக்கு நான் பதினாறு வருடங்களாகச் செயலாளர். எங்கள் கழகத்தில் ஒருவனை அணியில் சேர்ப்பதென்றால் ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் திருநாளில், கோயில் முற்றத்தில், பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளர் அவன் பெயரைக் கூப்பிட வேண்டும். அவன் "உண்டு" என்று சத்தமாகச் சொல்லி முன்னால் வந்து சட்டையை வாங்கிக்கொள்வான். அப்படிக் கொடுத்த சட்டையைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான். அதனால் சட்டைகள் ஏறிக்கொண்டே போய் நாற்பதாகிவிட்டன. பதினொரு பேர் ஆடுவார்கள், மீதி இருபத்தொன்பது பேர் மைதானத்து ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்தின் மேல் உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் அம்மாவையும் அக்காவையும் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொருவனும் அடுத்த ஆட்டத்தில் தன்னை இறக்குவார்கள் என்று நம்பிக்கொண்டு.

அப்படி நம்பி நம்பியே தொடர்ந்து ஒன்பது இறுதி ஆட்டங்களில் தோற்றோம். பத்தாவது வருடம், இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடக்கும் என்று முடிவான உடனே, ஊருக்கு வெறி பிடித்தது. மலப்புறத்திலிருந்து இரண்டு பேர், மணிப்பூரிலிருந்து ஒரு கோலி, நைஜீரியாவிலிருந்து நெடுநெடுவென்று ஒரு ஸ்டாப்பர் என நாலு பேரை வெளியிலிருந்து கொண்டுவருவது என்று கமிட்டி தீர்மானித்தது. அந்த வருடம்தான் போட்டி நடத்துகிறவர்கள் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள்: ஒரு அணிக்கு முப்பது பெயர், ஒன்றுகூட அதிகம் கூடாது. நாலு பேர் உள்ளே வர வேண்டுமென்றால் பதினான்கு பேர் வெளியே போக வேண்டும்.

கமிட்டியில் எல்லோரும் பதினான்கு பேரைக் கழிக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். எந்தப் பதினான்கு பேர் என்பதில்தான் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மருமகனைச் சொன்னால் இன்னொருவர் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்று கூட்டம் இப்படி முடிந்தபின் தலைவர் சூசைநாயகம் என்னைப் பார்த்து, "ஓய் கிளீட்டஸ், நீரே பாத்து எழுதும். நாங்க யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டோம்" என்றார். கேட்க மாட்டோம் என்று சொன்னால் பழியில் பங்கு இல்லை என்று அர்த்தம்.

பதிமூன்று பெயர்களை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். தொப்பை விழுந்தவன், கண் மங்கியவன், வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து ஓட்டம் மறந்தவன், அம்மா கொடுத்த தைரியத்தில் மட்டும் ஆடுகிற ரெக்சன். பதினான்காவது இடத்தில் பேனா நின்றது. நியாயப்படி அங்கே வர வேண்டியது என் சொந்தத் தம்பி ததேயு. முப்பத்தாறு வயது, இடது முட்டில் இரண்டு முறை கட்டுப் போட்டவன், போன வருடம் முழுக்க அவனை இறக்கிய ஒவ்வொரு ஆட்டத்திலும் நாங்கள் கோல் வாங்கினோம். அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர். பட்டியலை எட்டிப் பார்த்த என் மனைவி பிலோமி, "தம்பி பேர எழுதினா அவனுக்க பெஞ்சாதி மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?" என்றாள்.

அலோசியஸ் என்று எழுதினேன்.

அலோசியஸ் எங்கள் மூன்றாவது கோலி. பதினொரு வருடத்துக்கு முன்னால் வேறு கரையிலிருந்து ஒரு வள்ளத்தில் வேலைக்கு வந்து, வள்ளக்காரர் ஊரை விட்டுப் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டவன். அவனுக்கு அப்பா அம்மா உண்டா இல்லையா என்று நாங்கள் கேட்டதில்லை. கழக அறையில் படுத்துக்கொள்வான். நாற்பது சட்டைகளையும் அவன்தான் அலசி, காயப்போட்டு, மடித்து அலமாரியில் எண் வரிசைப்படி அடுக்குவான். சட்டை வாங்கிய எட்டு வருடத்தில் அவன் ஆடியது மொத்தம் பதினொரு நிமிடம், இரண்டாவது கோலிக்கு விரல் ஒடிந்த அன்று. அந்தப் பதினொரு நிமிடத்தில் அவனிடம் பந்து ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதுவும் எங்கள் ஆளே பின்னால் தட்டிவிட்டது. அதை அவன் இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்ற நிற்பைச் சொல்லி ஊரே ஒரு மாதம் சிரித்தது.

மணிப்பூரிலிருந்து கோலி வருகிறான், நாலாவது கோலி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் தப்பே இல்லை. ஆனால் அதற்காக நான் அவன் பெயரை எழுதவில்லை. அவனுக்காகச் சண்டைக்கு வர ஒருவரும் இல்லை, அதற்காக எழுதினேன்.

எழுதியாகிவிட்டது, சொல்ல வேண்டுமே. பதினான்கு பேர் முகத்தைப் பார்த்து, "நீ வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலமாரியில் சட்டை இல்லையென்றால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வியாகுலத்திடம் போய், யாருக்கோ கேட்பதுபோல, "மந்திரிச்ச சாமான் பழசாப் போனா என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "குப்பையில போடப்பிடாது. எரிக்கணும், இல்லேன்னா பொதைக்கணும்" என்று விளக்குத் திரியை வெட்டிக்கொண்டே சொன்னார். எரிக்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பகலில், ஆண்கள் கடலுக்கும் பெண்கள் அந்தோணியார் நவநாள் பூசைக்கும் போயிருந்த நேரத்தில், அலோசியஸிடம் அலமாரிச் சாவியை வாங்கினேன். அவன் சாவியைக் கொடுத்துவிட்டு, "உள்ள நாப்பதும் இரிக்கு அண்ணே" என்றான். பதினான்கை எடுத்து, கடல் பக்கத்துக் கார்னர் கொடிக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டி, ஒவ்வொன்றாக மடித்து வைத்து மூடினேன்.

பரலித்துறையில் சட்டையை எதற்குப் புதைப்பார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியாததா? கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடம்பும் கரை ஒதுங்காமல் போனால், நாற்பத்தொன்றாம் நாள் அவன் சட்டை ஒன்றைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, அன்றோடு அவன் பெயரைச் செத்தவர்கள் பட்டியலில் சேர்ப்போம். என் அப்பாவுக்கும் சட்டைதான் புதைத்தோம். இருந்தும் மண்வெட்டியைப் பிடித்திருந்தபோது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. மந்திரித்த பொருளை முறைப்படி அடக்கம் செய்த நல்ல கிறிஸ்தவனாக வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

அதன் பிறகுதான் அவர்கள் நனைந்தார்கள்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. முதல் வாரத்தில் சுகாதார நர்ஸ் வந்து பதினான்கு பேருக்கும் காய்ச்சல் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லாததால் ஆளுக்கு ஒரு பொட்டலம் படர்தாமரைப் பவுடர் கொடுத்துப் போனாள். சாயாக்கடைக்காரர் அவர்களுக்கென்று வெளியே ஒரு கல் பெஞ்சு போட்டார். ரேஷன் கடை மெஷின் ஈரவிரலைப் படிக்காததால் பெண்டாட்டிமார் வந்து விரல் வைத்தார்கள். மினிபஸ் நடத்துநர் அவர்களைப் படியில் நிற்கச் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. கோயிலில் கடைசிப் பெஞ்சு இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிற்க வைத்தார்கள், பூசை முடிந்து போனபின் அங்கே தேங்கிய தண்ணீரை வியாகுலம் துடைப்பத்தால் படி வழியாகத் தள்ளிவிட்டார். பெண்டாட்டிமார் பாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் போன வள்ளங்களில் மீன் கொட்டியது. வலையைத் தேடி வராமல் ஆளைத் தேடி வந்ததுபோல வள்ளத்தைச் சுற்றி மொய்த்தது. கடலில் மீன் எந்த மாதிரி ஆளைத் தேடி வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை, மீனை மட்டும் கூடையில் வாரினார்கள்.

சாயங்காலம் நாலு மணியானால் பதினான்கு பேரும் மைதானத்துக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பழைய வள்ளத்தின் மேல் உட்காராமல் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள், எண் வரிசைப்படி, ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு என்று கடைசியில் முப்பத்தொன்றாக அலோசியஸ் வரை. முன்பு தொண்டை கிழியத் திட்டியவர்கள் இப்போது ஒரு சொல் பேசுவதில்லை. அவர்கள் காலடியிலிருந்து தண்ணீர் ஓடிச் சுண்ணாம்புக் கோட்டைக் கரைத்தது. பாதி ஆட்டத்தில் கோட்டைத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

வந்த நாலு பேரும் நன்றாக ஆடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். முதல் ஆட்டம் மூன்று கோல், இரண்டாவது ஆட்டம் நாலு. மலப்புறத்துப் பையன்களில் ஒருவன் மட்டும் கார்னர் அடிக்கப் போய்விட்டு வந்து, "சேட்டா, அவிடே மண்ணு நனஞ்ஞு கெடக்குந்நு" என்றான். நான் போய்ப் பார்த்தேன். கார்னர் கொடியைச் சுற்றி ஒரு முறம் அளவுக்கு ஈரம் இருந்தது. அடுத்த வாரம் அது ஒரு பாய் அளவுக்கு ஆனது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன்.

நாள் போகப் போக அது தண்ணீரோடு நிற்கவில்லை. பதினைந்தாம் நாள் காது மடலில் மணல் இருந்தது. இருபதாம் நாள் ரெக்சனின் தலைமுடியில் பாசி இருந்தது, லில்லிபுஷ்பம் அதைப் பேன் எடுப்பதுபோல மடியில் போட்டு எடுத்தாள். இருபத்தைந்தாம் நாளுக்கு மேல் அவர்கள் பேசினால் சத்தம் எங்கேயோ அடியிலிருந்து வந்தது, இரண்டு தடவை கேட்டால்தான் விளங்கியது. பகலில் தூங்கினார்கள், தூக்கத்தில் எல்லோரும் தலையைக் கடல் பக்கமாகவே வைத்தார்கள், திருப்பிப் படுக்க வைத்தாலும் தானாகத் திரும்பினார்கள்.

முப்பதாம் நாள் மத்தியானம் வியாகுலம் என் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"லேய் கிளீட்டசு, மந்திரிச்ச சாமான்னு எனக்கிட்ட வந்து கேட்டியே. அது என்ன சாமான்?"

சொன்னேன்.

"நம்ம ஊருல ஆளு போன பொறவு சட்டைய வைப்போம். நீ சட்டைய மொதல்ல வச்சிட்ட. சட்டை வந்தாச்சி, ஆளு பொறத்தால வருவான்னு கடலு காத்துக் கெடக்கு. நாப்பத்தொண்ணாம் நாளு அது கணக்குத் தீத்துரும் மக்களே."

அன்றே கமிட்டி கூடியது. தோண்டி எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். சூசைநாயகம் விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு என்னைக்கு வருது?"

"ஞாயித்துக்கெழம."

"பைனல் சனிக்கெழமயில்லா? நாப்பதாம் நாளு." அவர் முகம் தெளிந்தது. "சட்டை மண்ணுக்குள்ள போனதுல இருந்து நாம ஒரு ஆட்டம் தோத்திருக்கோமா? அத இப்பத் தோண்டணுமா? பைனல் முடிஞ்ச உடனே தோண்டுவோம் ஓய். நாளு இரிக்குல்லா."

யாராவது அவரைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் லில்லிபுஷ்பம் முன்னால் வந்தாள். அவள் கிழித்து எறியப் போகிறாள் என்று நான் தலையைக் குனிந்தேன்.

"பைனல்ல நாம ஜெயிப்போமா?" என்று கேட்டாள்.

"இந்தத் தடவ உறுதி" என்றார் சூசைநாயகம்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ஜெயிச்சிட்டு எடுங்க. பத்து நாளுதானே. நான் பாத்துக்கிடுதேன்."

எங்கள் ஊரைப் பற்றி இதைவிட நல்லதாகவும் என்னால் சொல்ல முடியாது, இதைவிட மோசமாகவும் சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்து கழக அறைக்குப் போனேன். அலோசியஸ் தரையில் உட்கார்ந்து புது ஆட்களின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். ஈரம் படாமலிருக்க இரண்டு கைக்கும் பிளாஸ்டிக் கவர் மாட்டி, மணிக்கட்டில் நூல் கட்டியிருந்தான். பாய் ஊறிப்போய்ச் சுவரோரம் கிடந்தது. அவனுக்குச் சாக்கு விரிக்க ஆள் இல்லை என்பதை அந்த முப்பது நாளில் நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

"அலோசியஸ்," என்றேன், "அந்தச் சட்டை..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். குரல் அடியிலிருந்து மெதுவாக வந்தது.

"அண்ணே, சட்டையள மடக்கி வச்சியளா, சுருட்டிப் போட்டியளா?"

"மடக்கித்தான் வச்சேன்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தான். அலமாரியில் எது போனது, எது மிஞ்சியது என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். பதினேழாம் எண், ததேயுவின் சட்டை, அலோசியஸின் முட்டிக்கு எதிரே அடுக்கில் இருந்தது. அன்று அங்கேயே அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். அன்றே மண்வெட்டியை எடுத்திருக்க வேண்டும். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் இரண்டரை மணிக்குத் தொடங்கியது. பதினான்கு பேரும் கோட்டோரம் நின்றார்கள், கணுக்கால் வரை தண்ணீரில், அந்தத் தண்ணீர் அவர்களைச் சுற்றி மட்டும் லேசாக அலையடித்தது. மைதானம் கொள்ளாத கூட்டத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எழுபதாவது நிமிடத்தில் மலப்புறத்துப் பையன் அந்தக் கார்னர் கொடியிலிருந்து, ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டே தூக்கியடித்த பந்தை நைஜீரியாக்காரன் தலையால் உள்ளே தள்ளினான். ஒன்றுக்குப் பூஜ்யம். பத்து வருடம் நாங்கள் காத்திருந்த கோல். நானும் கத்தினேன், ததேயுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், பொய் சொல்லக் கூடாது.

நாலேகாலுக்கு ஆட்டம் முடிந்தது. பரிசு கொடுக்க வந்தவர் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர்ச் சந்திகளில் சிலுவை நிற்கிற மூன்று குருசடிக்கும் ஊர்வலம் போனார்கள், ஒவ்வொரு குருசடியிலும் வெடி. நான் இரண்டு முறை சூசைநாயகத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். "ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நாளு கெடக்குல்லா, ஏன் ஓய் பறக்குதீரு?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வியாகுலம் ஒருவர்தான் அந்த நேரத்தில் கோயிலில் சனிக்கிழமைச் சாயங்காலப் பூசைக்கு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஐந்தரை மணிக்குத் தோண்டினோம். சட்டைகள் தண்ணீருக்குள் இருந்தன. முதலில் ஒன்பதாம் எண் வந்தது. லில்லிபுஷ்பம் அதை வாங்கிப் பிழிந்து, திருநாளில் நான் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கூப்பிட்டாள்.

"எனக்க மவன் ரெக்சன்!"

"உண்டு!"

அவன் முன்னால் வந்து சட்டையை வாங்கினான். வாங்கும்போதே தலைமுடி காய்ந்தது, பிறகு தோள், பிறகு கை. கடைசியாகக் கால். அவள் அவனை இரண்டு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வொருவராக, எனக்க மாப்பிள்ளை, எனக்க மருமவன், எனக்க கொழுந்தன், எனக்க அப்பா என்று உறவு சொல்லிக் கூப்பிட்டார்கள், உண்டு உண்டு என்று அவர்கள் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் அழுகையும் அணைப்புமாக நேரம் போனது, காய்ந்தவனை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்குப் போனது. பதிமூன்று முடிந்தது.

பதினான்காவது சட்டை என் கையில் இருந்தது. முப்பத்தொன்று.

அலோசியஸ் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்து நின்றான். அவசரம் எதுவும் காட்டவில்லை. மீதி இருந்தது ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அதற்குள் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. பதினொரு வருடம் எங்களோடு கிடந்தவனுக்கு எங்களில் ஒருவரும் உறவு இல்லை.

"அண்ணே, கூப்புடு" என்றான் ததேயு.

எனக்குச் சொல்லத் தெரியும். எனக்க தம்பி அலோசியஸ். மூன்றே வார்த்தை. ஆனால் சொந்தத் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எந்தத் தம்பிக்காக இவனை மண்ணில் வைத்தேனோ அவன் காது கேட்க, இவனைத் தம்பி என்று சொல்ல நாக்கு புரளவில்லை. வியாகுலம் வந்துவிட்டால் அவர் கூப்பிடுவாரே என்றுகூட நினைத்தேன். கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மணி அடித்தது.

ஆறு மணிக்கு அடிக்கிற திரிகால மணி. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த மணியில்தான் பிறக்கிறது, சனிக்கிழமைச் சாயங்காலப் பூசை கண்டவனுக்கு ஞாயிறு பூசைக் கடன் தீர்ந்தது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படி இருந்தும் ஒரு ஊர் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தை வைத்து எண்ணியிருந்தோம்.

"எனக்க தம்பி!" என்று அலறினேன். "எனக்க தம்பி அலோசியஸ்!"

அவன் அதற்கு முன்பே முகத்தைத் திருப்பியிருந்தான். கடல் பக்கமாக, யாரோ கூப்பிட்டால் திரும்புவதுபோலத் திரும்பியிருந்தான். அங்கே பார்த்துக்கொண்டு, "உண்டு" என்றான். அது அடியிலிருந்து வந்த குரல் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் திருநாளில் கோயில் முற்றத்தில் நான் கேட்ட அதே தெளிவான குரல். பெயர் கூப்பிட்டுவிட்டார்களே என்ற சந்தோஷம்கூட அதில் இருந்தது. மணல் மேட்டில் ஏறினான், இறங்கினான். நானும் ததேயுவும் ஓடினோம். ததேயு முட்டு மடங்கி விழுந்தான். நான் இடுப்பளவு தண்ணீருக்குள் போய்ச் சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக் கத்தினேன். கடல் அன்றைக்குக் குளம் மாதிரி கிடந்தது.

ஏழு வள்ளம் மூன்று நாள் தேடியது. அவன் போன நாற்பத்தொன்றாம் நாள் செத்தவர்கள் பட்டியலில் சாமியார் அவன் பெயரை வாசித்தார். புதைக்க அவன் சட்டையைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. இன்றும் என் வீட்டுக் கொடியில் தொங்குகிறது, காயவில்லை. பிலோமி அதற்கு அடியில் ஒரு சாக்கு விரித்து, தினமும் பிழிந்து மாற்றிப் போடுகிறாள்.

மறு வருடத் திருநாளுக்கு முன்னால் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதல் பெயராக அலோசியஸ் என்று எழுதினேன். ஒருவரும் எதற்கென்று கேட்கவில்லை. சட்டை திரும்பக் கிடைத்த பதிமூன்று பேரும் பெயர் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டதால் மற்றவர்களை அப்படியே எழுதினேன். எழுதி முடித்து எண்ணினால் முப்பத்தொன்று. ஒரு பெயர் அதிகம். மத்தியானம் வரை பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ததேயு நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டியலைப் பார்த்தான்.

"அண்ணே, எனக்க பேர வெட்டு" என்றான். "மூணு வருசமா முட்டு மடக்க முடியல. நீ சங்கடப்படுவியேன்னுதான் சட்டையப் போட்டுக்கிட்டு வந்துட்டிருந்தேன்."

"மூணு வருசமாவா?"

"ஓ" என்று தலையாட்டினான்.

"அப்ப போன வருசமும்?"

அவன் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். "நீ ஒரு வார்த்த கேக்கலியே" என்றான்.

பதினேழுக்கு நேராக இருந்த பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.